பேராதனைல படிக்கிறவைக்கு: ஹோல் வாசலால இறங்கி நடந்து பாக்கக்கூடிய இடங்கள், போற விதம்

பேராதனைக்குக் கம்பஸ் கிடைச்சு வாற எங்கட பிள்ளையள் கனபேர் நாலு வருஷத்தையும் ஹோல் (கம்பஸ் விடுதி), லெக்சர், கன்டீன், எக்ஸாம் எண்டு ஓட்டி, லீவு விட்ட உடன யாழ்ப்பாண பஸ்ஸோ மட்டக்களப்பு பஸ்ஸோ பிடிச்சு ஊருக்குப் போயிடுவினம், கண்டி டவுனுக்குப் போனாலும் உடுப்புக்கடையும் சாப்பாட்டுக்கடையும் தான், பிறகு டிகிரி முடிஞ்சு வேலைக்குப் போன பிறகு ஹந்தானை மலைக்கு ஒருக்காக்கூட ஏறேல்லயே எண்டு கவலைப்படுறது. கேக்க எனக்கு உண்மையிலயே மனசுக்குக் கஷ்டமா இருக்கும். இலங்கையில இப்பிடி ஒரு கம்பஸ் வேற இல்ல. ஒரு பக்கம் மகாவலி, மற்றப் பக்கம் மலை, நடுவில நீங்கள் இருக்கிறீங்கள், பெரிய செலவும் இல்ல, காலையில எழும்பி நடந்தா சரி. ஃபர்ஸ்ட் இயரிலயே தொடங்கச் சொல்லித்தான் இதை எழுதுறன், ஏனெண்டா ஃபைனல் இயரில புரொஜெக்ட் வந்து கழுத்தில ஏறினாப் பிறகு ஒருத்தரும் வெளிக்கிட மாட்டினம்.

முதல்ல காலநிலை. வடக்கு கிழக்கில இருந்து வாற ஆக்களுக்கு இந்த மழை புதுசு. எங்கட பக்கம் மாரி எண்டா ஐப்பசி கார்த்திகை மார்கழி தான், ஆனா இங்க மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் தென்மேல் பருவமழைத் தூத்தல், பிறகு ஒக்டோபர் தொடங்கித் திரும்பவும் நல்ல மழை. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாசங்களில விடிய நல்ல வெயில் எறிக்கும், நீங்களும் நம்பி வெளிக்கிடுவீங்கள், மத்தியானம் தாண்ட இருட்டிக்கொண்டு வந்து இடிமின்னலோட கொட்டும். ஜனவரி நடுப்பகுதியில இருந்து மார்ச் மட்டும் தான் நடக்கிறதுக்குத் திறமான காலம், வானம் தெளிவா இருக்கும், பாதை காஞ்சு கிடக்கும், அட்டைப்பூச்சியும் குறைவு. எந்த மாசம் எண்டாலும் ஒரே விதி தான்: விடிய ஆறு, ஆறரைக்கு வெளிக்கிட்டு மத்தியானத்துக்கு முதல் மலையில இருந்து இறங்கிடுங்கோ. இங்க வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்குள்ள பொழுது பட்டுடும், மரத்துக்குக் கீழ அதுக்கு முதலே இருட்டீடும்.

கொண்டு போறதுக்குப் பெரிய சாமான் ஒண்டும் வேண்டாம். அடி நல்லாப் பிடிக்கிற சப்பாத்து (ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மலை ஏற வேண்டாம், சறுக்கும்), ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல், மழைக்கோட்டு, போனை வைக்கிறதுக்கு ஒரு சொப்பிங் பாக், கொஞ்சம் பிஸ்கட், கம்பஸ் ஐடியும் அடையாள அட்டையும். அட்டைப்பூச்சிக்கு சவர்க்காரம். காஞ்ச சவர்க்காரக் கட்டியை எடுத்து காலிலயும் சொக்ஸுக்கு மேலயும் நல்லாத் தேச்சிட்டு, ட்ரவுசரைச் சொக்ஸுக்குள்ள விட்டா முக்கால்வாசி ஏறாது. ஏறினதை இழுத்துப் பிடுங்காதேங்கோ, உப்போ சித்தாலேபத் தைலமோ கொஞ்சம் வச்சா தானா விழும், பிறகு இரத்தம் கொஞ்ச நேரம் நிக்காம ஓடும், பயப்பிட ஒண்டும் இல்ல, கழுவிட்டு பிளாஸ்டர் ஒட்டினாக் காணும்.

கம்பஸுக்குள்ளயே முதல் நடையை வச்சுக்கொள்ளுங்கோ. கலஹா சந்தியில இருந்து கலஹா ரோட்டாலயே உள்ளுக்க நடந்து வந்தா ரெண்டு பக்கமும் பெரிய மரங்கள், அந்த ரோட்டு தான் கம்பஸின்ட முதுகெலும்பு மாதிரி, அதில இருந்து தான் மற்றதெல்லாம் பிரியுது. செனட் கட்டடத்துக்கு முன்னால நிண்டு ஒருக்கா வடிவாப் பாருங்கோ. ஷேர்லி த அல்விஸ் எண்ட கட்டடக் கலைஞர் செய்தது, கண்டிக் காலத்துக் கூரையும் கல்தூணும் வச்சு. முழு கம்பஸுக்கும் பிளான் போடுறதுக்கு லண்டன் நகரத்துக்குப் பிளான் போட்ட பற்றிக் அபர்குரொம்பியைக் கூப்பிட்டிருக்கினம், மலைச்சரிவை வெட்டி நிரவாம சரிவோடயே கட்டடங்களை வச்சதால தான் எங்க நிண்டு பாத்தாலும் ஹந்தானை தெரியுது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல கொழும்பில தொடங்கி, 1952 இல இங்க வந்து, 1954 இல எலிசபெத் ராணி வந்த நேரம் முறைப்படி திறந்தது எண்டது லெக்சரில ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம், ஆனா அந்தக் கட்டடங்களுக்கு முன்னால நடக்கேக்க தெரிஞ்சிருந்தா நல்லம்.

இன்னொண்டு. அருணாசலம் ஹோல், ராமநாதன் ஹோல் எண்டு தினம் சொல்லுறம், அந்த ரெண்டு பேரும் அண்ணன் தம்பி, பொன்னம்பலம் ராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேணும் எண்டு 1906 இலயே சங்கம் அமைச்சுக் கேட்ட ஆக்களில அருணாசலம் முன்னுக்கு நிண்டவர். 1906 இல கேட்டு 1942 இல கிடைச்சிருக்கு. ஹோல் போர்டைப் பாக்கேக்க இதையும் ஒருக்கா நினையுங்கோ.

அங்கால நடந்து சரச்சந்திர திறந்தவெளி அரங்குக்குப் போங்கோ, எல்லாரும் வல எண்டு தான் சொல்லுவினம், சரிவிலயே படிப்படியா இருக்கை, நாடகம் இல்லாத நாளில விடியப் போய் மேல் படியில இருந்தா அணிலும் குருவியும் தவிர ஒரு சத்தம் இருக்காது. அதில இருந்து மேட்டுக்கு ஏறி குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போறது. ஏத்தம் தான், மூச்சு வாங்கும், அவசரப்படாம ஏறுங்கோ. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போறவை எல்லாருக்கும் அந்த ஏத்தம் தெரியும், ஆனா பூசை இல்லாத ஒரு நாள் விடிய, மூடுபனி இன்னும் விலகாம இருக்கேக்க ஏறிப் பாருங்கோ, அது வேற அனுபவம். கம்பஸுக்குள்ளயே பன்சாலை (புத்த கோயில்), பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் இருக்கு, ஒரே நடையில நாலையும் பாத்திட்டு வரலாம், இப்பிடி ஒரு இடத்தில இருந்து படிக்கிறது சின்ன விஷயம் இல்ல.

இறங்கி ஆத்துப் பக்கம் வாங்கோ. அக்பர் பாலம் எண்டு சொல்லுற நடைபாலத்தால மகாவலியைக் கடந்து எஞ்சினியரிங் ஃபக்கல்ட்டிப் பக்கம் போகலாம். பாலத்து நடுவில நிண்டு கீழ பாத்தா மழைக்காலத்தில தண்ணி தேத்தண்ணி நிறத்தில உருண்டு போகும், வெயில் காலத்தில பாறையெல்லாம் வெளிய தெரியும். திருகோணமலை, மூதூர் பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லோணும்: மகாவலியின்ட மொத்த நீளம் 335 கிலோமீட்டர், இதே தண்ணி தான் ஓடி உங்கட கொட்டியாரக் குடாவில போய்க் கடலில சேருது. ஊர் நினைவு வந்தா அந்தப் பாலத்தில கொஞ்ச நேரம் நில்லுங்கோ. ஆனா தயவுசெய்து ஆத்துக்குள்ள இறங்கிக் குளிக்க வேண்டாம். மேல எங்கயோ மழை பெய்தா இங்க வெயில் எறிக்கேக்கயே தண்ணி ஏறும், சுழியும் இருக்கு, நீந்தத் தெரிஞ்ச ஆக்களையும் மகாவலி கொண்டு போயிருக்கு. இது விளையாட்டு இல்ல.

இந்தச் சுத்து முழுக்க ஒண்டரை ரெண்டு மணித்தியாலம் வரும். மார்ச் ஏப்ரல் காலத்தில மரங்கள் றோஸ் நிறத்தில பூத்து ரோட்டெல்லாம் கொட்டிக் கிடக்கும், றொபரோசியா எண்டு சிங்களப் பிள்ளையள் சொல்லுவினம், தபெபுயா தான். பிறகு கொன்றை மஞ்சளாத் தொங்கும். அந்த நேரம் எக்ஸாம் இருந்தாலும் விடிய அரை மணித்தியாலம் இதுக்கு எடுங்கோ, படிப்புக் குறையாது. குரங்குக்கு மட்டும் சாப்பாடு காட்டாதேங்கோ, சோத்துப் பார்சலோட கையைப் பிடிச்சு இழுக்கும். இருட்டினாப் பிறகு காட்டுப்பன்றி இறங்கும், தனிய குறுக்குப் பாதையால வராம ரோட்டாலயே வாங்கோ.

அடுத்தது பூந்தோட்டம், பேராதனைத் தாவரவியல் பூங்கா தான். கலஹா சந்தியில இருந்து கூப்பிடு தூரம் தான். டிக்கெட் உண்டு, உள்ளூர் ஆக்களுக்கு விலை குறைவு, ஐடியைக் காட்டுங்கோ. 147 ஏக்கர், மகாவலி மூண்டு பக்கமும் வளைஞ்சு ஓடுது, அதால உள்ள போன ஆக்களில முக்கால்வாசிப் பேர் முன்பக்கத்து ஓர்கிட் வீட்டையும் பெரிய புல்வெளியையும் பாத்து ஃபோட்டோ எடுத்துப்போட்டுத் திரும்பிடுவினம். நீங்கள் அப்பிடிச் செய்யாதேங்கோ. வாசலால போய் நேர ஆத்தங்கரைப் பாதையைப் பிடிச்சு, தண்ணியை ஒரு பக்கத்திலயே வச்சுக்கொண்டு தோட்டத்தைச் சுத்தி வாங்கோ. ராட்சத மூங்கில் பத்தை, றோயல் பாம் வரிசை, வளைஞ்சு வளைஞ்சு நிக்கிற குக்ஸ் பைன் மரங்கள், தொங்குபாலம், எல்லாம் அந்தச் சுத்தில வரும். மரத்தில கறுப்புக் கறுப்பாத் தொங்குறது காய் இல்ல, பழந்தின்னி வௌவால், ஆயிரக்கணக்கில. பின்னேரம் வெளிக்கிட்டுப் பறக்கத் தொடங்கேக்க பூந்தோட்டம் பூட்டீடுவினம், பரவாயில்ல, வெளிய பேராதனைப் பாலத்தில நிண்டே பாக்கலாம்.

புல்வெளி நடுவில நிக்கிற அந்த ஜாவா அத்தி மரத்துக்குக் கீழ இருக்கிறதுக்கே ஒரு பின்னேரம் காணாது. நினைவு மரங்களின்ட போர்டுகளையும் வாசியுங்கோ, 1901 இல பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரா வந்தவரும் மனைவியும் வச்ச நாகலிங்க மரம் இருக்கு, 1961 இல யூரி ககாரின் வச்ச மரம் இருக்கு. ரெண்டாம் உலக யுத்தத்தில மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளை நடத்தினது இந்தத் தோட்டத்துக்குள்ள இருந்து தான். 1821 இல அலெக்சாண்டர் மூன் தொடங்கின தோட்டம், 1824 இல சீனாவில இருந்து வந்த தேயிலைச் செடியை முதல்ல நட்டதும் இங்க தான், அப்ப ஒருத்தருக்கும் தெரியாது இந்தச் செடி இந்த நாட்டை எப்பிடி மாத்தப் போகுது எண்டு. ஆத்துக்கு அங்கால தெரியிற கன்னொருவயில பார்ன்ஸ் ஆளுநர் கோப்பித் தோட்டம் போட்டவர். அந்தக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வேலைக்கு எண்டு தமிழ்நாட்டில இருந்து வந்த சனம் மன்னார்க் கரையில இறங்கி, காட்டுக்குள்ளால மாத்தளை மட்டும் நடந்தே வந்தவை, காய்ச்சலிலயும் பசியிலயும் வழியிலயே செத்தவை கனபேர். இந்த மலையில நடக்கேக்க அந்த நடையையும் தெரிஞ்சு வச்சிருக்கோணும் எண்டது என்ட எண்ணம்.

இனி ஹந்தானை. இதுக்குத் தான் எல்லாரும் ஆசைப்படுறது, இதில தான் கவனமும் கூட வேணும். கம்பஸ் கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்தில இருக்கு, ஹந்தானைத் தொடரின்ட உச்சி 1100 மீட்டருக்கு மேல, அப்ப 600 மீட்டர் ஏறோணும். ரெண்டு வழி சொல்லுறன். ஒண்டு கம்பஸ் பின்பக்கத்தால நேர ஏறுறது, பைன் மரக்காடு, பிறகு ஆள் உயரத்துக்குப் புல்லு, பிறகு முகடு. இதில பாதை ஒண்டுக்கு நாலாப் பிரியும், புல்லுக்குள்ள போனா முன்னால போறவரையே தெரியாது, மூடுபனி இறங்கினா பத்தடிக்கு அங்கால ஒண்டும் தெரியாது. பாதை தவறி இரவில ஆமியும் பொலிசும் தேடிப்போன சம்பவங்கள் நடந்திருக்கு. அதால முதல் தடவை இதால போகாதேங்கோ, முதலே ஏறின சீனியர் ஒராளாவது கூட வரோணும், குறைஞ்சது அஞ்சு பேர், எந்த வழியால போறம், எத்தனை மணிக்கு வருவம் எண்டு ஹோலில நிக்கிற ஒராளுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ.

புது ஆக்களுக்கு நான் சொல்லுறது மற்ற வழி. கண்டி ஆஸ்பத்திரிப் பக்கத்தால ஏறுற ஹந்தானை ரோட்டு. டவுனில இருந்து அந்தப் பக்கம் போற பஸ்ஸும் இருக்கு, ஆனா ஏலுமெண்டா நடவுங்கோ, வளைவுக்கு வளைவு கண்டி கீழ இறங்கிக்கொண்டு போறதைப் பாக்கலாம். மூண்டு நாலு கிலோமீட்டரில தேயிலை மியூசியம் வரும், 1925 இல கட்டின ஃபக்டரி, 2001 இல மியூசியமாத் திறந்தது, பழைய மெஷின் எல்லாம் இருக்கு, மேல் தட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு மலையைப் பாக்கலாம். அதுக்கு அங்கால தோட்ட ரோட்டாலயே தொடர்ந்து போனா தேயிலைச் சரிவுகள், லயங்கள் (தோட்டத் தொழிலாளரின்ட வரிசை வீடுகள்), மேல முகடு. ரோட்டு இருக்கிறதால தவறிப்போக வழியில்ல, களைச்சா அப்பிடியே திரும்பி இறங்கலாம், ஏறேக்கயும் இறங்கேக்கயும் யாரையாவது வழி கேக்கலாம்.

அந்தத் தோட்டத்தில இருக்கிற ஆக்கள் எங்கட மொழி கதைக்கிற ஆக்கள். கொழுந்து எடுத்துக்கொண்டு நிக்கிற அக்காமாரைக் கேக்காம ஃபோட்டோ எடுக்காதேங்கோ, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். போய் வணக்கம் சொல்லி, அக்கா எங்க போனா முகட்டுக்குப் போகலாம் எண்டு கேளுங்கோ, வடிவா வழி சொல்லுவினம், கதைச்சா கதைப்பினம், உங்கட வீடு எங்க, என்ன படிக்கிறீங்க எண்டெல்லாம் விசாரிப்பினம். லயத்து முற்றத்தால போற பாதை அவையின்ட வீட்டு வாசல், அதால சத்தம் போட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். உங்கட பட்ச்சிலயே தோட்டத்தில இருந்து வந்து படிக்கிற பிள்ளையள் இருக்கினம், அவையைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு சொல்ல மாட்டன், அவையோட ஃப்ரெண்ட்ஸா இருந்தா அவையே கூட்டிக்கொண்டு போவினம்.

குளவி தான் மலையில உண்மையான ஆபத்து. தேயிலைத் தோட்டத்தில குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறது அடிக்கடி கேக்கிற செய்தி. சென்ட் அடிச்சுக்கொண்டு போகாதேங்கோ, மரத்தில கூடு கண்டா சத்தமில்லாம வந்த வழியால திரும்புங்கோ, கல்லெறியிறது, புகை போடுறது ஒண்டும் வேண்டாம். நெருப்பும் அப்பிடித்தான், வெயில் காலத்தில அந்தப் புல்லு ஒரு சிகரெட் துண்டுக்கே பத்தும், ஹந்தானைச் சரிவு எரியிறதைக் கீழ கம்பஸில இருந்து இரவில பாத்தவைக்குத் தெரியும் எப்பிடி மனசு பதறும் எண்டு. 2010 இல சூழல் பாதுகாப்புப் பிரதேசமா அறிவிச்ச மலை இது, மேல சமைக்கிறது, பிளாஸ்டிக் போட்டுட்டு வாறது ரெண்டும் வேண்டவே வேண்டாம். மழை ரெண்டு மூண்டு நாள் விடாமப் பெய்தா மலைப்பக்கமே போகாதேங்கோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும், கண்டி மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருக்கா எண்டு போனில பாத்துட்டு வெளிக்கிடுங்கோ. 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவம், மூண்டையும் போனில சேவ் பண்ணி வையுங்கோ.

எனக்கு எல்லாத்திலயும் விருப்பமான நடை எது எண்டு கேட்டா ஹந்தானை எண்டு சொல்ல மாட்டன், மூண்டு கோயில் நடை தான். எம்பெக்கே, லங்காதிலக, கடலாதெனிய. ஞாயிற்றுக்கிழமை விடிய பஸ்ஸில எம்பெக்கேக்குப் போய் அங்க தொடங்கி, பிலிமத்தலாவப் பக்கம் கொழும்பு ரோட்டில வந்து முடிக்கிறது, மொத்தம் ஆறு ஏழு கிலோமீட்டர், ஆறுதலாப் பாத்து நடந்தா நாலு மணித்தியாலம். மலை ஏத்தம் பெரிசா இல்ல, அதால பேசாம எல்லாரும் வரலாம், அம்மா அப்பா பாக்க வந்தா அவையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

எம்பெக்கே கதிர்காமக் கடவுளுக்குக் கட்டின கோயில், எங்கட முருகன் தான். கம்பளை ராசதானிக் காலம், 14 ஆம் நூற்றாண்டு. மேளக்காரர் மண்டபத்துத் தூண்களை ஒவ்வொண்டா நிண்டு பாருங்கோ, ஓடிப்போகாதேங்கோ. மல்லுக்கட்டுற ரெண்டு பேர், பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய், கழுத்து பின்னின அன்னங்கள், ரெண்டு தலைக் கழுகு, எல்லாம் மரத்தில. கூரையையும் அண்ணாந்து பாருங்கோ, 26 மரச்சட்டங்கள் ஒரே ஆப்பில வந்து சேருது, எஞ்சினியரிங் பிள்ளையள் அதில அரை மணித்தியாலம் நிப்பினம்.

அங்க இருந்து லங்காதிலகவுக்கு ஒண்டரை ரெண்டு கிலோமீட்டர், வயலும் கமுகும் வீட்டுத் தோட்டமும், சின்ன ரோட்டு. தூரத்தில பாறைக்கு மேல வெள்ளையா நிக்கிறது தெரியத் தொடங்கும். பாறையில வெட்டின படியால ஏறிப் போங்கோ, மத்தியானத்துக்கு முதல் போனா நல்லம், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நடக்கேக்க வெயிலில பாறை சுடும். பாறையிலயே கல்வெட்டு இருக்கு, சிங்களத்திலயும் தமிழிலயும், 1344 ஆம் ஆண்டுக்காலம். கட்டினவர் ஸ்தபதி ராயர் எண்ட தென்னிந்தியச் சிற்பி. முன்பக்கம் புத்தர், சுத்திவர விஷ்ணு, விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் எல்லாரும் இருக்கினம். எழுநூறு வருஷத்துக்குக் கிட்ட முந்தி இந்த மலைக்கு மேல தமிழில எழுதி வச்சிருக்கினம் எண்டதை அந்தப் பாறைக்குப் பக்கத்தில நிண்டு பாக்கேக்க எனக்கு ஒவ்வொருக்காவும் நெஞ்சு நிறையும். ஹிஸ்டரி, ஆர்க்கியோலொஜி படிக்கிற ஆக்கள் இதைப் பாக்காம டிகிரி எடுக்கிறது சரியில்ல.

கடலாதெனியவுக்கு இன்னும் மூண்டு கிலோமீட்டர். இதுவும் 1344, முழுக்கக் கல்லில, கட்டினவர் கணேஸ்வராச்சாரி, பாத்த உடன தெரியும் எங்கட கோயில் கட்டுற விதம் எண்டு, அதிட்டானம் (அடித்தளம்), தூண், மேல ஸ்தூபி. அந்தப் பாறைக் குழியில தண்ணி நிண்டு கோயில் நிழல் விழுறது மழை விட்ட அடுத்த நாள் தான் வடிவு. பிறகு இறங்கிக் கொழும்பு ரோட்டுக்கு வந்தா பேராதனைப் பஸ் நிமிஷத்துக்கு ஒண்டு. வழியில பித்தளை வேலை செய்யிற பட்டறைகள் இருக்கு, எட்டிப் பாத்தா சிரிச்சுக் காட்டுவினம். மூண்டு கோயிலுக்கும் தோளும் முழங்காலும் மூடின உடுப்பு போடுங்கோ, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோட்டோ எடுக்காதேங்கோ.

கிராமத்துக்குள்ள வழி கேக்கிறதுக்குக் கொஞ்சம் சிங்களம் வேணும். "மே பார யன்னே கொஹாட்டத" (இந்த ரோட்டு எங்க போகுது) எண்டு கேட்டாக் காணும், உடைஞ்ச சிங்களம் எண்டாலும் சனம் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்ச் சந்தியில விடும். கதைக்கப் பயந்து போனில மப்பைப் பாத்துக்கொண்டு போனா அது உங்களை யாரின்டயோ வயல் வரம்புக்குள்ள கொண்டுபோய் நிப்பாட்டும்.

கண்டி வாவியைப் பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல, எல்லாரும் போற இடம். சுத்திவர மூண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒரு மணித்தியாலத்துக்குள்ள நடக்கலாம். தலதா மாளிகைக்கு முன்பக்கம் சனம், வாகனம், புகை, எதிர்க்கரை தான் நிழலும் அமைதியும், கொக்கு, நீர்க்காகம், கபரகொய்யா (நீர் உடும்பு) எல்லாம் அங்க தான். 1807 இல இதைக் கட்டின ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின்ட பிள்ளைப்பேர் கண்ணுசாமி, 1815 இல வெள்ளைக்காரன் பிடிச்சு வேலூருக்கு அனுப்ப, அங்கயே 1832 இல செத்தவர். வாவியைச் சுத்தினதோட விடாம மாளிகைக்குப் பின்னால இருக்கிற உடவத்தகெலே காட்டுக்குள்ளயும் போங்கோ, டிக்கெட் எடுக்கோணும், நூறு ஹெக்டயர் அளவில காடு, டவுன் சத்தம் அஞ்சு நிமிஷத்தில நிண்டுடும். அட்டை அங்க நிச்சயம், சவர்க்காரத்தை மறக்காதேங்கோ. திரும்பி வரேக்க கண்டி ரோட்டால நடக்க வேண்டாம், ஆறு கிலோமீட்டரும் டீசல் புகை. கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிடோணும் எண்டா அது மட்டும் நடந்து, அங்கால பஸ் எடுங்கோ. நேரம் சரி வந்தா கண்டி ஸ்டேஷனில ரெயின் ஏறி சரசவி உயனவில இறங்குறது தான் எனக்குப் பிடிச்ச வழி, கம்பஸ் வாசலிலயே கொண்டுவந்து விடும், டிக்கெட்டும் பஸ்ஸை விடக் குறைவு.

ஒரு முழு நாள் கையில இருந்தா கலஹா ரோட்டாலயே பஸ்ஸில மேல போய், தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்துக்குப் போகலாம். 1867 இல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில இலங்கையின்ட முதல் வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை வச்ச இடம். அவர் இருந்து பாத்த கல் இருக்கை இப்பவும் இருக்கு. பஸ் குறைவு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டதை ஏறேக்கயே கொண்டக்டரைக் கேட்டு வையுங்கோ.

பெட்டையள் தனிய போறதைப் பத்திக் கேக்கிறவைக்கு: கம்பஸ் சுத்து, பூந்தோட்டம், மூண்டு கோயில், இதுக்கெல்லாம் ரெண்டு பேர் சேந்து பகலில போறது பிரச்சினை இல்ல, கனபேர் போறவை. ஹந்தானையும் உடவத்தகெலேயும் பெடியளெண்டாலும் பெட்டையளெண்டாலும் கூட்டமாத் தான். ஹோல் கேட் நேரத்தைக் கணக்குப் பாத்து, அதுக்கு ஒரு மணித்தியாலம் முதல் வந்து சேருற மாதிரி வெளிக்கிடுங்கோ.

நனைஞ்ச சப்பாத்தை வெயில் வரும் எண்டு வாசலில விட்டுட்டுப் படுத்தா பேராதனைக் குளிருக்கு மூண்டு நாளாலயும் காயாது, உள்ளுக்க பழைய பேப்பரைச் சுருட்டி அடைச்சு ராத்திரி ஒருக்கா மாத்திவிட்டா அடுத்த நாள் லெக்சருக்குப் போடலாம்.